டான்ஜெண்ட் மதிப்பிலிருந்து கோணம் காணல்

கோணத்தைத் தந்தால் அதன் டான்ஜெண்ட் ஒன்றே. டான்ஜெண்டைத் தந்து கோணத்தைக் கேட்டாலோ விடைகள் எண்ணிறந்தவை. அட்டவணை அவற்றுள் ஒன்றை மட்டுமே காட்டும். அதுவே வேண்டிய கோணம் என்று கொள்வது நில அளவையில் பெரும் பிழைக்கு இடமாகும்.

காரணம் எளிது. ஒரு புள்ளியினின்று கோடு ஒன்றை வரைந்து, அதனைப் பின்புறமும் நீட்டுக. முன்பாதியில் உள்ள இரு தூரங்களும் பின்பாதியில் குறி மாறும். வகுக்கும்போது விகிதம் மாறாது நிற்கும். ஆகவே 180 பாகைக்கு ஒருமுறை டான்ஜெண்ட் அதே மதிப்பை மீண்டும் அடைகிறது. சைன், கொசைன் ஆகியவற்றுக்கோ முழுச் சுற்றான 360 பாகை வேண்டும்.

வடதிசையிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் திசைக்கோணத்தின் டான்ஜெண்ட், கிழக்கு வேறுபாட்டை வடக்கு வேறுபாட்டால் வகுத்த ஈவாகும். எல்லைக்கல் ஒன்று, கருவி நிற்கும் இடத்திற்கு மேற்கே 300 மீட்டரும் தெற்கே 400 மீட்டரும் தள்ளியுள்ளது என்க. ‑300ஐ ‑400ஆல் வகுக்க 0.75 வரும். அட்டவணை தருவது 36 பாகை 52 கலை. ஆனால் அது வடகிழக்கு! கல் இருப்பது தென்மேற்கில். எனவே 180 பாகையைக் கூட்டி 216 பாகை 52 கலை எனக் கொள்ளவேண்டும். கூட்ட மறந்து 500 மீட்டர் அளந்து சென்றால், கல்லுக்கும் அளவையாளருக்கும் இடையே சரியாக 1000 மீட்டர் இருக்கும். வகுப்பதற்கு முன்பே இரு வேறுபாடுகளின் குறிகளையும் களப்புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வது நன்று. வகுத்த பின் அவை மறைந்துவிடும்.

கிழக்கே 300, தெற்கே 400 எனில் ஈவு ‑0.75. கணிப்பான் ‑36 பாகை 52 கலை என்னும். 180ஐக் கூட்ட 143 பாகை 8 கலை, அதாவது தென்கிழக்கு. வடக்கு வேறுபாடு சுழியாயின் வகுத்தல் இயலாது; கோணம் 90 அல்லது 270 பாகை.

வகுப்பறையில் வேறொரு தவறு மிகுதி. ஒரு கோணத்தின் மும்மடங்கிற்கு டான்ஜெண்ட் 1 எனில், மாணவர் 45ஐ 3ஆல் வகுத்து 15 எனக் கண்டு, பின்னர் 180ஐக் கூட்டி 195 என்று முடித்துவிடுகின்றனர். முதலில் கூட்டி, அதன்பின் வகுத்தலே முறை. 45, 225, 405 என வளரும் வரிசையை 3ஆல் வகுக்க, ஒரு சுற்றுக்குள் 15, 75, 135, 195, 255, 315 என ஆறு கோணங்கள் கிடைக்கும்.