மையம் விலகிய சுமையும் காய்ச்சியிணைப்பும்

மாணவர்களே, இவ்வகை வினாவில் பலர் சுமையை இரண்டால் பிரித்ததுடன் நிறுத்திவிடுகிறார்கள். புள்ளி போவது ஒருபுறம்; வேலைத்தளத்தில் இணைப்பே பிய்ந்துவிடலாம்.

உதாரணம்: உருக்குத் தூணின் முகத்தில் ஒரு தகடு, மேலும் கீழுமாக 100 மி.மீ. நீளமான இரு கிடை ஒட்டுகளால் வெல்டிங் செய்யப்பட்டுள்ளது. ஒட்டுகளின் இடைத்தூரம் 200 மி.மீ. அவற்றின் மையத்திலிருந்து பக்கவாட்டில் 200 மி.மீ. தள்ளி, தகட்டின் தளத்தில் 10 000 நியூற்றன் சுமை தொங்குகிறது.

சுமை தகட்டைக் கீழே இழுக்கிறது: ஒவ்வோர் ஒட்டிலும் நிலைக்குத்தாக 5 000 நியூற்றன். அத்துடன் தகட்டைத் திருப்பவும் செய்கிறது.

திருப்பம் = 10 000 × 0.2 = 2 000 நியூற்றன் மீற்றர்

இதனை இரு ஒட்டுகளும் எதிரெதிராகக் கிடையாகத் தாங்குகின்றன. கலைப் பட்டதாரியான எனக்கு இது விளங்கியது வீட்டுக் கேற்றைப் பார்த்துத்தான்: மேற்பிணைச்சல் தூணிலிருந்து இழுபடும், கீழ்ப்பிணைச்சல் தூணை நோக்கி அமுங்கும்.

கிடை விசை = 2 000 ÷ 0.2 = 10 000 நியூற்றன்

கூட்டி 15 000 என எழுதாதீர்கள்! இவை செங்கோணத்தில் உள்ளன. பைதகரசின் தேற்றப்படி,

விளையுள் = √(5 000² + 10 000²) ≈ 11 180 நியூற்றன்

சுமை மையத்தில் தொங்கியிருந்தால் 5 000 மட்டுமே.

ஒட்டின் கால் நீளம் 6 மி.மீ. எனின், உடையக்கூடிய ஒடுங்கிய தடிப்பு 0.7 × 6 = 4.2 மி.மீ. 6 ஐ அப்படியே பிரதியிடுவது அடுத்த பிழை.

தகைப்பு = 11 180 ÷ (4.2 × 100) ≈ 26.6 நியூற்றன்/ச.மி.மீ.

இது சராசரியே, சுமைப் பக்கத்து முனைகளில் இதிலும் கூடும்.

பயிற்சி: சுமையை மையத்திலிருந்து 100 மி.மீ. தூரத்துக்கு நகர்த்தினால் தகைப்பு யாது? (விடை: ஏறத்தாழ 16.8)