குடியரசு வேறு, ஜனநாயகம் வேறு

நம்பிக்கை: நாடு குடியரசாகிவிட்டால் ஜனநாயகம் வந்துவிட்டது.

உண்மை: நாட்டின் தலைமைப் பதவி சட்டப்படி தந்தையிடமிருந்து பிள்ளைக்குப் போகாது என்பதுதான் குடியரசு. மக்கள் கையில் எவ்வளவு அதிகாரம் என்பதை அது சொல்லாது. வட கொரியா தன் பெயரிலேயே இரண்டையும் வைத்திருக்கிறது. நோர்வேயில் மன்னர் இருக்கிறார்; ஆட்சியை மாற்றுவது வாக்கு.

இலங்கையையே பாருங்கள். பிரித்தானிய முடியின் கீழ், 1931 இல், 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் டொனமூர் யாப்பு வாக்குரிமை தந்தது. குடியரசு வந்ததோ 1972 மே 22 இல். அந்தக் குடியரசு யாப்பு முடியை மட்டும் அகற்றவில்லை. அதற்கு முன்பிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவில் சிறுபான்மையினருக்கு இருந்த காப்பையும் கைவிட்டது. 1970 இல் தெரிவான உறுப்பினர்கள் 1977 வரை பதவியில் இருக்கவும் வழி செய்தது.

நம்பிக்கை: பெரும்பான்மை முடிவெடுத்தால் அது ஜனநாயக முடிவுதான்.

உண்மை: யார் வாக்காளர் என்பதையே பெரும்பான்மை தீர்மானிக்கத் தொடங்கினால்? 1948 குடியுரிமைச் சட்டம், தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிறுவச் சொன்னது. மலையகத் தோட்டத் தொழிலாளர் பலரிடம் அந்தத் தலைமுறைகளின் பிறப்புச் சான்று இல்லை. 1947 தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றம் அனுப்பியவர்கள், வாக்குரிமை குடியுரிமையோடு பிணைக்கப்பட்டதால், 1952 தேர்தலில் பெரும்பாலும் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. எல்லாம் பாராளுமன்றத்தில் முறைப்படி நிறைவேறியவை. இதை ஜனநாயகம் என்று நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். எண்ணிக்கையில் சிறியவரின் உரிமையைப் பெரியவர் தொடமுடியாதபடி எல்லை இருந்தால்தான் பெரும்பான்மை ஆட்சி ஜனநாயகமாகும்.

நம்பிக்கை: சர்வசன வாக்கெடுப்பு தேர்தலுக்கு ஈடானது, மக்களிடம்தானே கேட்கிறார்கள்!

உண்மை: தேர்தலில் ஆளை மாற்றலாம். வாக்கெடுப்பில், ஆள்பவர் எழுதிய கேள்விக்கு ஆம், இல்லை மட்டுமே சொல்லலாம். 1977 இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 வீத வாக்குகளோடு 168 ஆசனங்களில் 140ஐப் பிடித்தது. அக்கட்சியே கொண்டுவந்த 1978 யாப்பின்படி அடுத்த பொதுத்தேர்தல் விகிதாசார முறையில் நடக்கவேண்டும். நடந்திருந்தால் ஆறில் ஐந்து பங்குப் பலம் கரைந்திருக்கும். ஆகவே தேர்தலுக்குப் பதிலாக 1982 டிசம்பர் 22 அன்று, இருக்கிற பாராளுமன்றம் மேலும் ஆறாண்டு நீடிக்கலாமா என்று கேட்டார்கள். ஆம் என்பதற்கு விளக்குச் சின்னம், இல்லை என்பதற்குக் குடம். விளக்கு வென்றது.

1977 இல் பதினெட்டு வயதில் வாக்களித்தவருக்கு, பாராளுமன்ற உறுப்பினரைத் தெரிவுசெய்யும் அடுத்த பொதுத்தேர்தல் 1989 இல்தான் வந்தது. அப்போது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயது.