வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் எச்சரிக்கை: வணிகர் என்ன செய்ய வேண்டும்?

நம்மில் பலருக்குக் கணக்கு உள்ள கம்ப்யூட்டர் கடையில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது. பகலில் பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள், படம் பார்க்கிறார்கள். இரவு கடையைச் சாத்திவிட்டு வந்து நாம் அதிலேயே கொள்முதலும் பற்று வரவும் எழுதுகிறோம். மாதாமாதம் ஜி.எஸ்.டி. விவரங்களை எடுத்து ஆடிட்டருக்கு அனுப்புகிறோம்.

கடம்பூர், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் பூமியில் இந்தப் பற்றுக் கணக்குதான் கடையின் உயிர். புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரியாக விதைத்த உளுந்தும் பாசியும் மார்கழி, தையில் களத்துக்கு வந்தால்தான் விவசாயி கையில் பணம். அதுவரை அரிசி, எண்ணெய், புளி எல்லாம் பற்றில்தான் போகிறது. கொடுத்த பில் விவரம் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இருக்கலாம். யார் எவ்வளவு பாக்கி என்பது நம் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எங்கும் இல்லை. எனவே அதில் வைரஸ் எச்சரிக்கை வந்தால் வணிகர் பதறுவது இயற்கை. அந்தப் பதற்றத்தை நம்பிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் இந்தப் பாடத்தின் முதல் செய்தி.

கத்துகிற எச்சரிக்கை

சில மாதங்களுக்கு முன் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகன் ஏதோ படம் தேடிக்கொண்டிருந்தான். திடீரென்று திரை முழுவதும் சிவப்பு. சங்கு ஊதுவதுபோல் சத்தம். "உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, உடனே மைக்ரோசாஃப்டை அழைக்கவும்" என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு, கீழே ஒரு போன் நம்பர். பையன் போனைக் கையில் எடுத்துவிட்டான். நான் போய் சுவிட்சை அணைத்தேன். மறுபடி போட்டபோது ஒன்றுமே இல்லை. அது வைரஸ் அல்ல, வெறும் ஒரு இணையப் பக்கம்.

கடம்பூர் போளி என்று பலகை மாட்டிய கடை எல்லாம் கடம்பூர்க்காரர் கடை ஆகிவிடாது என்பது நமக்குத் தெரியும். மைக்ரோசாஃப்ட் பெயரும் அப்படித்தான். தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. இப்படிப் பொய் எச்சரிக்கை காட்டிப் பணம் பறித்த கால் சென்டர்கள் நம் நாட்டிலேயே இயங்கின. 2023 அக்டோபரில் சி.பி.ஐ. 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் நாடு முழுவதும் 76 இடங்களில் சோதனை நடத்தியது. அதற்குக் காரணமான புகார்களில் மைக்ரோசாஃப்ட், அமேசான் ஆகிய நிறுவனங்கள் கொடுத்தவையும் உண்டு.

அந்த நம்பருக்குப் பேசினால், 'சரி செய்கிறோம்' என்று சொல்லி, தொலைவிலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்கும் செயலி ஒன்றைப் போடச் சொல்வார்கள். போட்டுவிட்டால் கல்லாச் சாவியைக் கொடுத்த மாதிரிதான்.

இப்படித் திரை மாட்டிக்கொண்டால் எஸ்கேப் விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை விலகும், பிறகு மூடிவிடலாம். மூட முடியாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களைத் திறக்கவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சில வீடுகளில் வலது கை மூலையில் தினமும் நாலைந்து வைரஸ் அறிவிப்புகள் வருகின்றன. ஏதோ ஒரு இணையப் பக்கம் 'அறிவிப்பு அனுப்பலாமா?' என்று கேட்டபோது, வீட்டில் யாரோ சரி என்று அழுத்தியதன் பலனாகவே பெரும்பாலும் இது இருக்கும். பிரவுசரின் செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய், தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டால் நின்றுவிடும்.

கத்தாத எச்சரிக்கை

மேலே சொன்னது நடந்து இரண்டு வாரம் கழித்து உண்மையான எச்சரிக்கை வந்தது. சத்தம் இல்லை, சிவப்புத் திரை இல்லை. மூலையில் ஒரு சிறு பெட்டி: 'த்ரெட்ஸ் ஃபவுண்ட்'. பிரின்ட் எடுக்கக் கடைக்குக் கொண்டுபோன பென் டிரைவில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை இரண்டு நாள் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை!

எது உண்மை என்று அறிய ஒரே வழிதான். சரக்கு லாரி வழியில் நின்றுவிட்டது, பணம் அனுப்புங்கள் என்று யாரோ பேசினால், நாம் அந்த நம்பருக்கே திரும்பப் பேசுவதில்லை; நமக்குத் தெரிந்த புக்கிங் ஆபீசுக்குப் போன் போடுகிறோம். அதேபோல் அறிவிப்பை அழுத்தாமல், ஸ்டார்ட் பட்டனில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடி நாமே திறக்க வேண்டும். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் போன்றவை வைத்திருப்பவர்கள் அந்தப் புரோகிராமையே திறக்க வேண்டும். எச்சரிக்கை உண்மையானால் 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி' போன்ற பகுதியில் நாள், நேரம், ஃபைல் பெயருடன் பதிவு இருக்கும்.

அங்கே 'குவாரன்டைன்டு' என்று இருந்தால் வேலை ஏற்கெனவே முடிந்தது. வண்டு விழுந்த உளுந்து மூட்டையைக் குடோனில் தனியே ஒதுக்கி வைக்கிறோமே, அதுதான் இது. பிறகு அந்தப் பென் டிரைவையும் சேர்த்து ஒரு முறை 'ஃபுல் ஸ்கேன்' ஓட்டுங்கள். 'ஆக்டிவ்' என்று இருந்தால் முதலில் இணையத்தைத் துண்டித்துவிட்டு 'ரிமூவ்' கொடுங்கள்.

'அலவ்' என்ற பட்டன்தான் ஆபத்து. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். காசு கொடுக்காமல் திருட்டுப் பிரதியாக அக்கவுன்ட்ஸ் புரோகிராம் போட்டுக் கொடுப்பவர்கள், 'ஆன்ட்டி வைரஸை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் ஓடாது' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் குடோனைத் திறந்து வைத்த கதை! சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் முழுப் பேரேட்டையும் பணயம் வைக்கிறோம்.

அதற்காக எச்சரிக்கை எல்லாம் வேதவாக்கு என்றும் கொள்ள வேண்டாம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் அனுப்பிய ஒரு திருத்தம், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று பிடித்துவிட, உலகெங்கும் ஏராளமான கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்து எரிந்தன. ஆகவே பிடிபட்டது உங்கள் கணக்கு ஃபைல் என்றால் அழிக்க அவசரப்படாதீர்கள். குவாரன்டைனிலேயே இருக்கட்டும். ஆன்ட்டி வைரஸை அப்டேட் செய்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். புரோகிராம் விற்றவரைக் கேளுங்கள். இணையத்தில் ஃபைலைச் சோதித்துச் சொல்லும் இலவசத் தளங்கள் உண்டு. ஆனால் அங்கே ஏற்றியது பலர் கைக்குப் போகும்; கணக்கை ஏற்றக் கூடாது.

எச்சரிக்கைக்கு முன்பே

2017 மே 12 அன்று பரவிய 'வான்னாகிரை' சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைத் தாக்கியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவும் அதில் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன என்பதை அந்தப் பதிப்பை இன்னும் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஏமாந்து செயலியைப் போட்டுவிட்டாலோ, வங்கி விவரம் கொடுத்துவிட்டாலோ வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். இணையத்தைத் துண்டியுங்கள். வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே பேசுங்கள். பணம் கைமாறி முடிவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. வங்கி, ஜி.எஸ்.டி., இ-வே பில் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். என் வழக்கம் இது: இரண்டு பென் டிரைவ்கள். வாரம் ஒரு நாள் இரவு ஒன்றில் நகல் எடுப்பேன், மறுவாரம் மற்றொன்றில். எடுத்ததும் கழற்றிவிடுவேன், செருகியே வைத்தால் வான்னாகிரை போன்றவை அதையும் பூட்டிவிடும். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். நகல் சரியாகத் திறக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்ப்பேன். முதல் முறை பார்த்தபோது ஒன்றில் வெறும் ஃபோல்டர்தான் இருந்தது.