மௌனம் சம்மதமா?
(தொலைவிலிருந்து மோட்டாரைக் கண்காணித்தல்)

முன்னுரை

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். ஆனாலும் குறுவைக்கு நாற்று விட, தஞ்சைப் பக்கம் போர்செட்டை நம்பி இருப்பவர்கள் ஏராளம். மும்முனை கரண்ட் நடுராத்திரியில் வந்தால், டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்துபோய் மோட்டார் போட வேண்டும். பாம்புக்கும் பயம், ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொடவும் பயம். இந்தக் கஷ்டத்தைக் குறைக்க வந்ததுதான் மொபைல் ஸ்டார்ட்டர்.

செயல்படும் விதம்

கருவிக்குள் ஒரு சிம் கார்டும் ஜி.எஸ்.எம். மாடூலும் உள்ளன. நாம் போன் செய்தால் ரிலே இயங்கி, காண்டாக்டர் சேர்ந்து, மோட்டார் ஓடும். இரண்டு ஆபத்துகளையும் இது கவனிக்கும்.

1. ஓடும்போது ஒரு பேஸ் போனால், மற்ற இரண்டில் கரண்ட் ஏறத்தாழ 1.7 மடங்காகும். காயில் கருகிவிடும்.

2. போரில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் வெறுமனே சுற்றும். நீர்மூழ்கி மோட்டாருக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி. அப்போது கரண்ட் குறையும். அதை வைத்தே கருவி கண்டுபிடித்து நிறுத்தும்.

நிறுத்தியதும் நமக்கு மெசேஜ் வரும்.

எங்கள் வீட்டில் நடந்தது

போன குறுவையில் நாற்றங்காலுக்கு ஆட்டோவில் போட்டுவிட்டு, உறவினர் கல்யாணத்துக்குப் போனோம். இரண்டு நாள். அப்பா அடிக்கடி போனைப் பார்த்துக்கொண்டார். "மெசேஜே வரலடா, நல்லாத்தான் ஓடுது" என்றார். நானும் ஆமாம் என்றேன். திரும்பி வந்து பார்த்தால் நாற்றங்கால் பாளம்பாளமாக வெடித்து, நாற்று நுனி காய்ந்து கிடந்தது. டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போயிருந்தது. மோட்டாரும் நின்றுவிட்டது, மெசேஜ் அனுப்ப வேண்டிய கருவியும் செத்துவிட்டது. அப்பா என்னைத் திட்டவில்லை. "நீ படிக்கிற பையன், இதுக்கு என்ன வழி?" என்று மட்டும் கேட்டார். அதற்காகத் தேடியபோதுதான் அடுத்த விஷயம் கிடைத்தது.

குளிர் நாட்டுப் பாடம்

கனடா போன்ற நாடுகளில் விடுமுறை வீட்டைக் குளிர்காலத்தில் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கும் இதே கவலைதான். தண்ணீர் உறைந்தால் அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே அழுத்தம் ஏறிப் பைப் வெடிக்கும். பனி உருகும்போது வீடே வெள்ளக்காடு! அதனால் வெப்பநிலை அறியும் சென்சார் வைத்து, 0 டிகிரிக்கு வரும்வரை காத்திராமல், 5 டிகிரியிலேயே தகவல் வரும்படி அமைக்கிறார்கள். ஆனால் கரண்ட் போனால் ஹீட்டர் நிற்கும். பேட்டரி இல்லாவிட்டால் சென்சாரும் நிற்கும். அங்கே பனி, இங்கே வெயில். கோளாறு ஒன்றுதான்.

நாம் செய்ய வேண்டியவை

* கருவிக்குத் தனியாக ரீசார்ஜ் பேட்டரி வேண்டும். ஜி.எஸ்.எம். மாடூல் சிக்னல் அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதைத் தாங்கும் பேட்டரியும் பெரிய கெப்பாசிட்டரும் போடுங்கள்.

* கரண்ட் போனதும் முதல் வேலையாக மெசேஜ் அனுப்ப வேண்டும்.

* கோளாறு இல்லாவிட்டாலும் தினமும் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் "நலம்" என்று ஒரு மெசேஜ் வர வேண்டும். வராவிட்டால் உடனே ஆளை அனுப்பிப் பார்க்க வேண்டும்.

* சிம் ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அது முடிந்தாலும் கருவி ஊமைதான்.

முடிவுரை

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். கல்யாணத்துக்கு அது சரி, கருவிக்குச் சரியில்லை. பேசாத கருவியை, கெட்டுப்போன கருவி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நண்பர்களே, நாளை நீங்கள் எதைச் செய்தாலும், "இதற்கே கரண்ட் போனால் யார் சொல்வது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எங்கள் போர்செட்டில் இப்போது பேட்டரி வைத்தாகிவிட்டது. காலை 6 மணிக்கு "நலம்" வந்த பிறகுதான் அப்பா டீ குடிக்கிறார்.