ஏரி நீர் உரிமையும், ஆயக்கட்டுதாரர் – கால்நடை உடையோர் ஒற்றுமையும்

திருவண்ணாமலைப் பிரதேசத்தில் விவசாயம் பெரும்பாலும் ஏரியையும் கிணற்றையும் நம்பியே நடைபெற்று வருகிறதென்பது யாவரும் அறிந்ததே. தென்பெண்ணையின் குறுக்கே 1958-ஆம் ஆண்டில் கட்டி முடிந்த சாத்தனூர் அணை, 119 அடி மட்டத்தில் 7,321 மில்லியன் கன அடி நீர் கொள்ளத்தக்கதாயினும், அதன் கால்வாய்கள் எட்டாத கிராமங்கள் அநேகம். அக்கிராமங்களுக்கு மழைநீரைத் தேக்கி வைக்கும் ஏரியே அணையாகும். கிணற்றின் ஊற்றும் அதனைப் பொறுத்ததே. ஆகையால் ஏரி நீரின்மீதுள்ள உரிமையைக் காப்பது எங்ஙனம் என்பதை இவ்வியாசத்தில் ஆராய்வோம்.

நீரை அநுபவிக்கும் இரு திறத்தார்

மதகின் கீழ் நன்செய் உடைய ஆயக்கட்டுதாரர் ஒரு திறத்தார். ஏரியில் நீர் காட்டி, உள்வாய்ப் புல்லிலும் மேய்க்கால் புறம்போக்கிலும் ஆடுமாடுகளை மேய்ப்போர் மற்றொரு திறத்தார். ஒரே குடும்பத்தார் இரண்டிலும் சேர்ந்திருத்தல் உண்டு. எனினும், நிலமின்றிக் கால்நடையையே ஜீவனமாகக் கொண்டோரும் பலர் உளர். மதகின் அடிமட்டத்திற்கு மேலுள்ள நீரே பயிருக்குப் பாயும். அதற்குக் கீழ்ப் பள்ளத்தில் நிற்கும் நீர் தானாக வயலுக்கு ஏறாது; கோடையில் கால்நடைகளின் தாகம் தீர்ப்பது அதுவே. இவ்வெல்லையை மதியாதவிடத்துச் சச்சரவு பிறக்கின்றது. கடைசிப் பயிரைக் காக்கும் பொருட்டு எஞ்சின் வைத்துப் பள்ளத்து நீரையும் இறைத்துவிட்டால் மந்தை வாடும். மாடுகளைக் கரையின்மீது கண்டவிடத்தில் ஏற்றி இறக்கினால் கரை தேய்ந்து, பெருமழையில் உடைப்பெடுக்கும். இருவர் குறையிலும் நியாயம் உண்டு.

உரிமை அழியும் வழி

ஆயினும் ஏரியின் உரிமைக்குப் பெருங்கேடு இச்சச்சரவால் நேர்வதன்று. இருவரும் பிணங்கி நிற்குங்கால் மூன்றாமவரால் நேர்வதே அது. முதலில் உள்வாயின் ஓரத்தில் சிறிது நிலம் உழப்படுகிறது. அப்பயிர் நீரில் மூழ்காதிருக்க வேண்டுமாயின் ஏரி நிரம்பலாகாது. ஆகவே கலங்கல் இடிக்கப்படுகிறது, அல்லது தாழ்த்தப்படுகிறது. மேட்டுப்பகுதியில் வரத்துக்கால் தூர்ந்து, பின்னர் பாதையாகவும் மனையாகவும் மாறுகிறது. மழை குறைவின்றிப் பெய்தும் ஏரி நிரம்பவில்லையே என்று ஆயக்கட்டுதாரர் வியக்கின்றனர்.

இக்கேட்டை முதலில் காண்பவர் யார்? மதகின் கீழ் வயலில் நிற்பவர் அல்லர். நாள்தோறும் உள்வாயிலும் வரத்துக்கால் ஓரத்திலும் மந்தையோடு நடப்பவரே. மேய்ச்சல் நிலம் ஒரு முழம் குறைந்தாலும் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்லைக் கேட்பார் இல்லை. ஆயக்கட்டு விஷயத்தில் அவருக்கு யாதொரு சம்பந்தமும் இல்லையென்று ஒதுக்கிவிடுகிறார்கள். மேய்ச்சல் நிலத்தை விழுங்கும் ஆக்கிரமிப்பே பாசன நீரையும் விழுங்குகிறது. ஆதலால் இவ்விரு திறத்தாரும் ஒரே கட்சியைச் சேர்ந்தவரேயன்றி எதிர்க்கட்சியினர் அல்லர்.

சட்டமும் வழக்கமும்

1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்டு சட்டத்தின் 2-ஆம் பிரிவு, ஆறு, ஏரி முதலியவற்றின் நீரைத் தேக்கிப் பங்கிடும் அதிகாரம் அரசினருக்கு உண்டென்பதையும், வழக்கத்தால் வந்த உரிமைகளையும் பாதிக்காமல் விட்டிருக்கிறது. வழக்க உரிமைக்கு உயிர் அதன் சாட்சியமே. முற்காலத்தில் எந்த மதகு எப்போது திறக்கும், எந்தக் கால் எவ்வழி வரும் என்பதெல்லாம் பரம்பரைக் கர்ணத்தின் நினைவிலும் நீர்க்கட்டியின் அநுபவத்திலும் இருந்தன. 1980-ஆம் ஆண்டில் பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் ஒழிந்து, மாற்றலுக்குரிய கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபின், எழுதி வையாத மாமூல் மறைந்து போகும் நிலை ஏற்பட்டது.

உரிமையோடு கடமையும் சேர்ந்தே வந்துள்ளது. 1858-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம், குடிமராமத்துக்கு வழக்கப்படி ஆள் தர வேண்டியவர் தக்க காரணமின்றித் தவறினால், அவ்வேலைக்குரிய கூலியைப்போல் இரு மடங்கு செலுத்த வேண்டுமென்று விதித்தது. 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு இடமளித்தது. ஆனால் அச்சங்கங்கள் ஆயக்கட்டு நிலமுடையோரைக் கொண்டே அமைந்தவை. நிலமற்ற மந்தைக்காரருக்கு அங்கு இடமில்லை. சட்டம் விட்ட இடைவெளியைக் கிராம ஒற்றுமையே நிரப்ப வேண்டும்.

பிற இடங்களின் அநுபவம்

தாமதத்தால் உரிமை எவ்வளவு சிக்கலாகும் என்பதற்கு நமது தென்பெண்ணையே உதாரணம். 1892-ஆம் ஆண்டில் சென்னை, மைசூர் அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கையில் அந்நதியும் அடங்கும். அவ்வாறிருந்தும் அதன் உபநதியாகிய மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் அணை கட்டியது பற்றி 2018-ஆம் ஆண்டில் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. 2019 நவம்பரில் நீதிமன்றம் தமிழ்நாட்டின் மனுவைத் தள்ளி, நடுவர் மன்றம் அமைக்கக் கோரி மத்திய அரசை அணுகலாம் என்றது. பத்திரம் இருந்தால் மட்டும் போதாது. உரிய காலத்தில் உரிய இடத்தில் கேட்டலும் வேண்டும்.

உடனுக்குடன் தீர்க்கும் முறைக்கு ஸ்பெயின் தேசத்து வலென்சியா நகரம் நல்ல உதாரணம். அங்கே எட்டுக் கால்வாய்களின் விவசாயப் பிரதிநிதிகள் வியாழக்கிழமைதோறும் நடுப்பகலில் பெரிய தேவாலயத்தின் வாயிலில் அமர்ந்து, வாய்மொழியாகவே வழக்கைக் கேட்டு அங்கேயே தீர்ப்புச் சொல்கிறார்கள். 2009-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இம்முறையை மானிடப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. நமக்கும் இது புதிதன்று. வந்தவாசிக்கு அப்பாலுள்ள உத்தரமேரூர்க் கோயிற் கல்வெட்டு, கி.பி. 921-ஆம் ஆண்டிலேயே ஏரி வாரியத்திற்கு அறுவரைத் தேர்ந்தெடுக்கும் விதியைக் கூறுகிறது.

செய்யவேண்டுவன

1. ஆடி மாதத்தில், மழை வலுக்குமுன், ஆயக்கட்டுதாரரும் மந்தைக்காரரும் கிராம நிர்வாக அலுவலருடன் வரத்துக்கால் தொடங்கிக் கலங்கல் வரையில் ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். புலப்பட நகலும் கிராமக் கணக்கும் கையில் இருத்தல் நலம்.

2. மதகின் அடிமட்டத்திற்குக் கீழ்ப்பட்ட நீரை இறைப்பதில்லை என்று எல்லோரும் ஒப்பி எழுதிக்கொள்ளல் வேண்டும்.

3. மாடுகள் இறங்கக் கல் பாவிய சரிவுத் துறை ஒன்று அமைத்து, மற்ற இடங்களில் கரையேறாதபடி மந்தைக்காரர் பொறுப்பேற்றல் வேண்டும்.

4. அநுமதி பெற்று வண்டல் எடுக்குங்கால், உள்வாய்ப் பள்ளத்திலும் எடுத்தல் வேண்டும். மதகின் மட்டத்திற்குக் கீழ் ஆழமாக்குவதால் பாய்ச்சல் நீர் மிகாது. ஆயினும் கால்நடை நீரும் கிணற்று ஊற்றும் விருத்தியாகும். கரையடியில் தோண்டலாகாது.

5. அறுவடைக்குப்பின் வயலில் ஆட்டுக்கிடை மடக்க மந்தைக்காரரை அழைத்தல் இருவருக்கும் லாபம். ஒருவருக்கு எரு, மற்றவருக்குத் தாளும் தங்குமிடமும்.

6. முறைப்பாசனத்தையும், நீர்மட்டத்தையும், கண்ட ஆக்கிரமிப்பையும் தேதியிட்டு ஒரு புத்தகத்தில் பதிதல் வேண்டும். பிற்காலத்தில் மாமூலுக்குச் சாட்சியம் இதுவே.

7. ஆக்கிரமிப்பு கண்டவுடன் சர்வே எண் குறித்து, இரு திறத்தாரும் கையொப்பமிட்டு மனுச் செய்தல் வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுவாக நீர்வளத் துறையையும், சிறியது ஊராட்சி ஒன்றியத்தையும் சார்ந்தது. முன்னதற்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டமும், அரசு நிலம் எதற்கும் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும் துணையாகும். கிராம சபையில் தீர்மானமும் நிறைவேற்றினால் மனு வலுப்பெறும்.

மேற்கூறியவற்றுள் பெருஞ்செலவுக்குரியது ஒன்றுமில்லை. கிராம அதிகாரிகள் முன்னின்று கூட்டினால், முதல் ஆண்டிலேயே வரத்துக்காலும் கலங்கலும் எந்நிலையில் உள்ளன என்பது எழுத்தில் ஏறிவிடும். அவ்வெழுத்தும், அதன்கீழ் ஆயக்கட்டுதாரரும் மந்தைக்காரரும் சேர்ந்து இட்ட கையொப்பங்களும் உள்ள கிராமத்தின் ஏரியைக் கவர எவரும் எளிதில் துணியார்.