கடலின் விளைச்சலைக் கணக்கிடுவது எப்படி?

போர்க்காலத்தில் வயலை விட்டு இடம்பெயர்ந்த நம்மில் பலர், கொட்டியாரக் குடாவின் ஓரத்தில் தூண்டில் போட்டே அடுப்பெரித்தோம். அங்கே தொழிலாளர் சொல்லும் முறைப்பாடு நமக்குப் பழக்கமானது: "விடிய விடிய இருந்தும் கறிக்கு மீனில்லை. கந்தோர்க் கணக்கில் மட்டும் மீன் குறையவில்லை." இந்த முரண்பாடு ஏன் வருகிறது?

வயலை நினைத்துப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 30 மூடை நெல் கண்ட கமக்காரர், அடுத்த போகம் இரண்டு ஏக்கர் விதைத்து அதே 30 மூடையைக் காண்கிறார். களத்தில் குவியல் ஒன்றுதான், விளைச்சலோ பாதி. கடலும் அப்படியே. இறங்குதுறையில் நிறுக்கும் மீன் குறையாதிருக்கலாம். ஆனால் இரண்டு மணித்தியாலத்தில் பிடித்ததைப் பிடிக்க இன்று ஆறு மணித்தியாலம் சென்றால், மீன் குறைகிறது என்பதே அதன் பொருள்.

கடலிலுள்ள மீனை நேரே மதிப்பிடும் முறையும் உண்டு. நோர்வேயின் 'நான்சன்' என்ற பெயர் கொண்ட ஆய்வுக் கப்பல்கள் 1978 முதல் 1980 வரையும், மீண்டும் 2018 இலும் இலங்கைக் கடலில் ஒலியலை அனுப்பியும் வலை இழுத்தும் ஆராய்ந்தன. எனினும் பெரிய கப்பல் ஆழங்குறைந்த குடா ஓரத்துக்கு வர முடியாது. அவ்விடத்தை நாள்தோறும் காண்பவர்கள் அங்கே தொழில் செய்பவர்களே.

அவர்கள் சொல்லைத் தள்ளிவிட்டால் என்ன நேரும்? கனடாவின் நியூபவுண்லாந்துக் கரையில் 1980களில் சிறு படகுக்காரர், கொட் மீன் குறைகிறது என்று எச்சரித்தார்கள். அதிகாரிகளோ பெரிய இழுவைப் படகுகளின் பிடியை நம்பினார்கள். அப்படகுகள் எஞ்சிய மீன் கூட்டங்களைத் தேடிப் பிடித்ததால் குறைவு தெரியவில்லை. 1992 யூலை 2 ஆம் திகதி மீன்பிடி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் தொழில் இழந்தார்கள்.

ஆகவே வாய்ச்சொல்லை எழுத்தாக்குவோம். ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் பதிவோம்:

1. திகதி, இடம்
2. சென்ற நேரம், திரும்பிய நேரம்
3. தூண்டில் அல்லது வலையின் தொகை
4. மீனின் இனம், நிறை, பருமன்
5. ஒன்றும் கிடைக்காத நாட்கள்

ஐந்தாவதை மறக்க வேண்டாம். இறங்குதுறைத் தராசு அதை அறியாது. ஒரு மாதக் குறைவை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். சோளகத்தைச் சோளகத்தோடும் மாரியை மாரியோடும் ஒப்பிடுவோம். நமது எண்ணமே பிழை என்று கொப்பி காட்டினால் அதையும் ஏற்போம். பின்னர் பல குடும்பங்களின் கொப்பிகளைச் சேர்த்து, சங்கத்தின் மூலம் கடற்றொழில் பரிசோதகரிடம் கொடுப்போம்.

கலந்துரையாடுவோம்:
• பத்து ஆண்டுகளுக்கு முன் கிடைத்த எந்த மீன் இன்று அருமையாகிவிட்டது?
• அதை நாம் எவ்வாறு எண்பிக்கலாம்?