சிறு விளைச்சலை எங்கே விற்பது?

சென்னையை அடுத்த பூந்தமல்லிக்கு மேற்கே திருமழிசை, வெள்ளவேடு, ஆவடியைத் தாண்டித் திருநின்றவூர், வேப்பம்பட்டு என்று வீட்டு மனைகளுக்கு நடுவே இன்னும் கீரையும் வெண்டையும் கத்தரியும் விளைகின்றன. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் விளைச்சலை விற்க நான்கு வழிகள் உண்டு: கோயம்பேடு மண்டி, உழவர் சந்தை, சாலையோரக் கடை, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. படித்து முடித்து நிலத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர் கணக்குப் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. அப்பா காலத்து மண்டிக்காரரை விட்டுவிடாதே என்று வீட்டார் சொல்வதற்காக ஒன்றில் நுழைகிறார்கள். கைப்பேசியில் பார்த்த வெற்றிக் கதையை நம்பி இன்னொன்றில் நுழைகிறார்கள்.

கோயம்பேடு சந்தை பழைய கொத்தவால் சாவடிச் சந்தைக்கு மாற்றாக 1996இல் வந்தது. எவ்வளவு சரக்கு போனாலும் பெரும்பாலும் விடிவதற்குள் விற்றுப்போகும். கமிஷன், இறக்குகூலி, வண்டி வாடகை கழித்து மிஞ்சுவதுதான் விவசாயிக்கு. விலையும் அவர் சொல்வது அல்ல. 2020 மே மாதம் கொரோனாவால் சந்தை மூடப்பட்டபோது, காய்கறி மொத்த வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் இறுதியில்தான் திரும்பியது. ஒரே பயிரை மூட்டை மூட்டையாக எடுப்பவருக்கு மண்டி பொருந்தும். பத்துக் கட்டு கீரைக்காரருக்குப் பொருந்தாது.

சாலையோரக் கடை, நிலமே சாலையை ஒட்டி இருப்பவருக்கு நல்லது. மற்றவர்களுக்கு இட வாடகை, மழை, கடையை எடுக்கச் சொல்லும் தொல்லை ஆகியவை லாபத்தைத் தின்றுவிடும்.

முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அப்போதைய முதல்வர் மு. கருணாநிதி தொடங்கிவைத்தார். இந்தப் பக்கத்தில் அம்பத்தூரிலும் ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டிலும் உழவர் சந்தைகள் உள்ளன. நில ஆவணங்களைக் காட்டி, அதிகாரிகள் பயிரைப் பார்வையிட்ட பின் அடையாள அட்டை கிடைக்கும். கடைக்கு வாடகை இல்லை. தராசும் அங்கேயே தருகிறார்கள். மொத்த விலைக்குச் சற்று மேலும், வெளிக்கடை விலைக்குக் கீழும் அன்றன்று விலை வைத்துப் பலகையில் எழுதுகிறார்கள். முந்தின நாள் மாலையில் பறித்து, வேர் மண்ணை அலசி, கட்டுப் போட்டு, ஈரச் சாக்கில் சுற்றிய சிறுகீரை விடியலில் சந்தைக்கு வந்தால் மளமளவென்று போகும். வெயில் ஏறியதும் இலை துவளும், விலையும் இறங்கும். எதை எவ்வளவு விதைப்பது என்பதை இந்த இரண்டு மூன்று மணி நேரம் கற்றுத்தரும். புதிதாக வருபவருக்கு இதைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை.

வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் வழிதான் இன்றைக்கு அளவுக்கு மீறிப் புகழப்படுகிறது. அடுக்ககங்களில் வாட்ஸ்அப் குழு, பெயர் அச்சிட்ட பை, இயற்கைக் காய் என்ற முத்திரை, இடைத்தரகர் இல்லாத முழு விலை என்று கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு குடும்பம் வாரத்துக்கு ஏழெட்டு வகைக் காய் கேட்கும். அரை ஏக்கரில் ஒரு சமயத்தில் மூன்று வகை விளைந்தாலே பெரிது. தக்காளியும் வெங்காயமும் இல்லாத பையை யாரும் இரண்டாவது வாரம் வாங்குவதில்லை. அதனால் மீதிக்குக் கோயம்பேடு போக வேண்டியிருக்கும். அங்கே வாங்கியதைத் தன் நிலத்து இயற்கைக் காய் என்று கொடுக்கும் நாளில் அவர் விவசாயி அல்ல. வாங்கியவரை ஏமாற்றும் வியாபாரி. முறையான இயற்கை வேளாண் (அங்கக) சான்று பெறவும் ஓராண்டுப் பயிர்களுக்குப் பொதுவாக 2 ஆண்டு மாற்றக் காலம் உண்டு. அந்த 2 ஆண்டும் விளைச்சல் குறையலாம். சான்றுக்குரிய விலையும் கிடைக்காது.

செலவும் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலை (சி.டி.எச். சாலை) நெரிசலில் வண்டி நிற்கும் நேரம், பெட்ரோல், வாடிய கட்டுக்கு மாற்று, மாதக் கடைசி வரை நிற்கும் பாக்கி எல்லாம் விவசாயி தலையில்தான். களை எடுக்க வேண்டிய காலை வேளை மாடிப்படியில் கழியும். விதைப்பதற்கு முன்பே பை அச்சடித்தவர்கள், ஓரிரு பருவத்தில் கடனோடு வேலைக்குத் திரும்புவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. நான்கைந்து விவசாயிகள் பயிரைப் பங்கிட்டு வைத்து, வாடிக்கையாளரையும் சேர்த்துவைத்திருந்தால் மட்டுமே இந்த வழி நிற்கும்.

ஆகவே முதலில் நிலத்தையும் ஆளையும் எடைபோட வேண்டும். முகம் பார்த்துப் பேசி விற்கக் கூச்சப்படுபவர் மண்டிக்குப் போவதில் குறைவில்லை. விடியலில் எழ முடியாதவருக்கு உழவர் சந்தை சரிவராது. பக்கத்து வயல்காரர் சம்பாதித்த வழி தனக்கும் வாய்க்கும் என்பதில்லை. எந்த வழியானாலும் ஒரு முழு ஆண்டு, மழைக்காலமும் கோடையும் பார்த்து, வரவுசெலவை நோட்டில் எழுதிய பிறகே மாற்ற வேண்டும். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும்; வாடிக்கை அப்படி வருவதில்லை. பொறுமையும் தன் திறமை எது என்ற தெளிவும் உள்ளவர்களுக்கே சிறு நிலம் சோறு போடும்.